ஏழாவது கட்டத்தில் பாதிப் பெயர்

நான் கெட்டிக்காரி. வேறு யாரும் சொல்லாததால் இதைச் சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுகிறது. கிரெடிட் கார்டு கைக்கு வந்த அன்று பேங்க் மேனேஜர் பரணிதரன் ஒரு பட்டியல் ஒப்பித்தார். பின் நம்பராகப் பிறந்த வருஷத்தை வைக்காதீங்க, கல்யாணத் தேதியை வைக்காதீங்க, வண்டி நம்பரை வைக்காதீங்க, ஒண்ணு ரெண்டு மூணு நாலு வைக்கவே வைக்காதீங்க. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு நேராக ஏடிஎம்முக்குப் போய், இந்த நாலிலும் சேராத ஒரு நம்பரை வைத்தேன். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து என் வீட்டுக்காரர் மதிவாணன் கேட்டதற்குக்கூட, "அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க, ரூல்" என்று சொல்லிவிட்டேன். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவரிடம் நான் மறைத்த ஒரே விஷயம் அதுதான். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

கும்பகோணத்தை அடுத்த பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குப் பதினொரு ஏக்கர் நஞ்சை. அவர் அங்கே கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். இங்கே நானும் தியாகேசனும்தான். தியாகேசன் எங்கள் டிராக்டர் டிரைவர். டிரைவர் என்பது சம்பளம் கொடுக்கும்போது சொல்கிற பேர். விதைநெல் வாங்குவது, ஆள் பிடிப்பது, வாய்க்கால் தகராறில் எனக்காகத் தொண்டை கிழியக் கத்துவது எல்லாம் அவன்தான். ஒன்பது வருஷமாக அக்கா அக்கா என்று சுற்றி வருகிறான். சொந்தமாக ஒரு நடவு மிஷின் வாங்கி வாடகைக்கு விட வேண்டும் என்பது அவன் ஆசை. அதே பேங்கில் லோன் கேட்டு எழுதிப் போட்டு, ஃபைல் மேனேஜர் மேஜை வரைக்கும் வந்திருந்தது. மிஷின் வந்துவிட்டால் என்னிடம் வேலைக்கு இருக்க மாட்டான். "நல்லா வரணும் தியாகேசா" என்று வாயால் சொல்வேன். உள்ளுக்குள்ளே எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஜூன் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. காலையில் ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போட்டு, கார்டைக் காட்டிப் பணம் கட்டி, அந்தக் கார்டைப் பைக்குள் வைக்காமல் வண்டியின் பின் சீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். கெட்டிக்காரி என்று சொன்னேன் இல்லையா. வயலில் ஆட்கள் இருந்தார்கள், தியாகேசன் மேல்தாக்கு வயலில் சேறு கலக்கிக்கொண்டிருந்தான், போன் டிபன் கூடைக்குள் கிடந்தது. ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்து போனைப் பார்த்தால் இரண்டு மெசேஜ். குத்தாலத்தில் ஏதோ ஒரு செல்போன் கடையில் இருபத்தோராயிரத்து ஐந்நூறு. பத்து நிமிஷம் கழித்து அதே கடையில் பதினாறாயிரத்துத் தொள்ளாயிரம்.

கை கழுவாமலே கஸ்டமர் கேருக்குப் போட்டேன். தமிழுக்கு ரெண்டை அழுத்தச் சொன்னது, கார்டு தொலைந்திருந்தால் நாலை அழுத்தச் சொன்னது, அப்புறம் ஒரு வீணையை வாசித்துக் காட்டியது. "வீணையை நிறுத்துங்கடா, காசு போவுது!" என்று வயலே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். ஒரு பெண் வந்து பேசினாள், கார்டை நிறுத்தினாள், புகார் நம்பர் கொடுத்தாள். இரண்டாவது மெசேஜ் வந்து முப்பத்தெட்டு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது.

மறுநாள் காலையில் பேங்க். பரணிதரன் குத்தாலத்துக்காரர், இன்னும் அங்கே நிலம் இருக்கிறது. ஆனால் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் கும்பகோணத்துக்குக் கிழக்கே கால் வைக்காதவர் மாதிரிதான் பேசுவார்.

"மேடம், ரெண்டு தடவையும் பின் நம்பர் போட்டுத்தான் எடுத்திருக்காங்க. அதுவும் மொத முயற்சியிலேயே சரியாப் போட்டிருக்காங்க."

"நான் யாருக்கும் சொல்லலைங்க."

"சொல்லலைன்னா கவலை இல்ல. நீங்க உடனே புகார் குடுத்துட்டீங்க, பேங்க் விசாரிச்சுப் பணத்தைத் திருப்பிக் குடுத்துரும். ஆனா நீங்களே நம்பரை யாருக்காவது சொல்லியிருந்தா, புகார் குடுக்கற வரைக்கும் போனதுக்கு நீங்கதான் பொறுப்பு. ரூல் அதுதான்." கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். "மே பதினெட்டாம் தேதி, டீசலுக்கு ஏழாயிரத்து அறுநூத்து நாப்பது. பின் நம்பர் போட்டு. இது நீங்கதானே?"

மே பதினெட்டாம் தேதி நான் கும்பகோணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தேன். கார்டு தியாகேசனிடம் இருந்தது. ஐயாயிரத்துக்குள் என்றால் கார்டைக் காட்டினாலே போதும், நம்பர் கேட்காது. அதனால் அவனை எப்போதும் நாலாயிரத்துச் சொச்சத்துக்குத்தான் டீசல் போடச் சொல்வேன். அன்றைக்குக் கேனிலும் பிடித்திருக்கிறான். பில்லைக் கொண்டுவந்து ஒழுங்காகக் கொடுத்தான். நான்தான் தொகையைப் பார்த்தேனே தவிர மற்றதை யோசிக்கவில்லை.

"எங்க டிரைவர் போட்டது" என்றேன். "ஆனா நான் நம்பரைச் சொல்லலை. சத்தியமா."

பரணிதரன் பேனாவை மூடித் திறந்தார். "அப்ப ரெண்டுல ஒண்ணு மேடம். நீங்க சொல்லிக் குடுத்தீங்கன்னா பணம் போனதுதான். உங்களுக்குத் தெரியாம அவரே தெரிஞ்சுக்கிட்டாருன்னா, இந்த ஃபாரத்துல ஏழாவது கட்டத்துல அவர் பேரை எழுதுங்க. சந்தேகப்படும் நபர். நாங்க போலீசுக்கு அனுப்புவோம், உங்க பணம் வந்துரும்."

"அவன் நேத்து முழுக்க என் கண்ணு முன்னாடி வயல்ல நின்னாங்க."

"நம்பரை வேற ஆளுகிட்ட குடுத்திருக்கலாம் இல்லையா?"

"அவன் லோனுக்கு எழுதிப் போட்டிருக்கானே, அது?" என்று கேட்டேன்.

"போலீஸ் விசாரணையில பேர் இருந்தா நான் எப்படி மேடம் கையெழுத்து போடறது?" என்றார் பரணிதரன். ஃபாரத்தை மடித்துக் கையில் கொடுத்தார். நாளைக்குள் கொண்டுவரச் சொன்னார்.

நேராக வயலுக்குப் போனேன். தியாகேசன் டிராக்டர் நிழலில் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். நான் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆளில்லை.

"மே மாசம் டீசல் போட்டப்ப கார்டுக்கு நம்பர் கேட்டுச்சா?"

"ஆமாக்கா. கேன்ல புடிச்சதால கூடப் போயிருச்சு. உங்களுக்கு ரெண்டு தடவை போன் போட்டேன், நீங்க எடுக்கல. பின்னாடி நாலு வண்டி நின்னு ஆர்ன் அடிக்கிறான். சரின்னு நானே போட்டேன்."

"என்னத்தைப் போட்ட?"

"ஒண்ணு ரெண்டு சைபர் ஆறு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதேதான். யாருக்கும் தோன்றாது என்று நான் நினைத்த நம்பர்.

"உனக்கு யாரு சொன்னா?"

"இதை யாராச்சும் சொல்லணுமாக்கா?" என்று சிரித்தான். "ஜூன் பன்னெண்டு. மேட்டூர் அணை தொறக்கற தேதி. நீங்க வேற எதை வைக்கப் போறீங்க? முன்னாடியே சொல்லியிருக்கணும், தப்புதான். மறந்துட்டேன்."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் நம்பிக்கை பாதியாகிவிட்டது. சொல்லாமலே ஒருத்தனுக்கு நம்பர் தெரியுமா? தெரிந்திருந்தும் ஒரு மாதம் சொல்லாமல் இருந்திருக்கிறானே? மிஷினுக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்று போன வாரம்தானே சொன்னான்? சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து விட்டவனிடம் வழக்கமாகக் கொடுக்கிற காபியைக் கொடுக்கவில்லை. சாவியை ஆணியில் மாட்டப் போனவனிடம், "இங்க குடு" என்று கையை நீட்டி வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அவன் ஒரு விநாடி நின்றான், அப்புறம் போய்விட்டான். நான் செய்தது அல்பத்தனம். செய்யும்போதே எனக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து சிங்கப்பூரிலிருந்து வீடியோ கால். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு விஜயா? அவனைத் தவிர யாருக்குத் தெரியும்? எழுதித் தள்ளு. முப்பத்தெட்டாயிரம் என்ன மரத்துலயா காய்க்குது?"

போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஃபாரத்தை விரித்தேன். ஏழாவது கட்டம். பேனாவை எடுத்து 'தியாகே' வரைக்கும் எழுதினேன்.

"ஆமா, அப்படி என்ன நம்பர்தான் வச்சிருந்த?" என்றார் அவர்.

"இனிமே என்ன ரகசியம்? ஒண்ணு ரெண்டு சைபர் ஆறு."

போனில் அவர் முகம் அப்படியே நின்றது. நெட்வொர்க் போய்விட்டதோ என்று பார்த்தேன். இல்லை, பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. ஒரு அர்ஜென்ட் வேலை. வச்சிடறேன்" என்று வைத்துவிட்டார்.

சிங்கப்பூரில் ராத்திரி ஒன்பதரை மணிக்கு என்ன அர்ஜென்ட் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் பேனா மேலே ஓடவில்லை. ஃபாரத்தை மூடி வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை பேங்கில் காலை வைக்க இடமில்லை. குறுவைப் பயிர்க்கடன் சமயம். சிட்டா அடங்கலோடு கூட்டம் டோக்கன் வாங்கிக்கொண்டு நின்றது. அந்தக் கூட்டத்தில் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு தியாகேசன் நின்றான். லோன் விஷயமாகப் பேச மேனேஜர் வரச் சொல்லியிருந்தாராம். "நீங்களும் வந்தீங்களாக்கா? சொல்லியிருந்தா வண்டியிலேயே வந்திருக்கலாமே" என்றான். நேற்றைய காபியையும் சாவியையும் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பரணிதரன் கண்ணாடிக் கதவைத் திறந்து இரண்டு பேரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார். என்னிடம் ஃபாரத்தை வாங்கி மேஜையில் விரித்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் தியாகேசன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தலைகீழாக இருந்தாலும் படிக்கிற அளவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"அது என் பேராக்கா?"

"பாதிதான்" என்றேன். என் வாயிலிருந்து வந்ததிலேயே அசட்டுத்தனமான பதில் அதுதான்.

"சந்தேகப்படும் நபர்" என்று அவன் மெதுவாகப் படித்தான். முகத்தில் ரத்தம் ஏறியது. "ஒம்போது வருஷம்க்கா."

"தியாகேசா, நம்பர் உனக்குத் தெரிஞ்சிருக்கு…"

"எனக்கு மட்டுமா தெரியும்?" என்றான். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தான். வீட்டுக்குத்தான் போகப்போகிறான், இனி நம் வாசல் மிதிக்க மாட்டான் என்று நினைத்தேன். அவன் வீட்டுக்குப் போகவில்லை. ஹாலின் நடுவில், டோக்கன் மிஷின் பக்கத்தில் போய் நின்றான். வாய்க்கால் தகராறில் எனக்காகக் கத்துவானே, அதே குரல்.

"அண்ணன்மாரே, அக்காமாரே! ஒரு நிமிஷம் கேளுங்க. யாரும் பின் நம்பரை வாயைத் தொறந்து சொல்ல வேணாம். மேட்டூர் தொறக்கற தேதியை யாராவது கார்டுக்கு வச்சிருந்தீங்கன்னா இப்பவே போய் மாத்திடுங்க. திருட்டுப் பயலுக்குத் தெரிஞ்சு போச்சு!"

யாரும் யாரையும் பார்க்கவில்லை. முதலில் ஒரு மகளிர் குழு அம்மா, ஏதோ ஞாபகம் வந்தவர் போல, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே ஏடிஎம் பக்கம் நடந்தார். அவர் பின்னாலேயே இரண்டு பேர். அப்புறம் ஐந்து பேர். உரக்கடை அப்துல் ஜலீல் பாய் என்னைப் பார்த்து, "ஏசி காத்து ஒத்துக்கல தங்கச்சி" என்று விளக்கம் சொல்லிவிட்டுப் போனார். "கொஞ்சம் வாசலைப் பாத்துக்குங்க" என்று வாட்ச்மேன் யாரிடமோ சொல்லிவிட்டு வரிசையில் சேர்ந்தார். கேஷ் கவுண்டரில் இருந்த செவ்வந்தி, "சிஸ்டம் ஸ்லோ, அஞ்சு நிமிஷம்" என்று பலகையை வைத்துவிட்டு எழுந்தாள். ஏடிஎம் அறையிலிருந்து வரிசை நீண்டு, படி இறங்கி, டீக்கடை வரைக்கும் போய்விட்டது.

நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு பொத்தவும் முடியவில்லை. பத்து வருஷமாக அத்தனை பேரும் அவரவர் ரகசியம் என்று நினைத்து எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியை வைத்திருந்திருக்கிறோம். தண்ணீர் வருகிற தேதி தவிர வேறு எந்தத் தேதியும் எங்களுக்கு மறக்காமல் நிற்பதில்லை. நேற்று ராத்திரி சிங்கப்பூரில் என்ன அர்ஜென்ட் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

"மேடம், ஒரு நிமிஷம். டாய்லெட் போயிட்டு வந்துடறேன்" என்று பரணிதரன் எழுந்தார்.

டாய்லெட் இடது பக்கம். அவர் வலது பக்கம் போனார். எட்டிப் பார்த்தேன். வரிசையில் வாட்ச்மேனுக்கு அடுத்த ஆள், கழுத்தில் அடையாள அட்டையோடு, வானத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

கால் மணி நேரம் கழித்து வந்து உட்கார்ந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். என் பழைய ஃபாரத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டுப் புதிது ஒன்றை எடுத்தார்.

"ரூல்ல நம்பரைச் சொல்லிக் குடுக்கறதைப் பத்தித்தான் இருக்கு மேடம். ஊரே ஒரே நம்பரை வச்சா என்ன பண்றதுன்னு எழுதல. ஏழாவது கட்டத்துல 'யார் மீதும் சந்தேகம் இல்லை, எண் ஊகிக்கப்பட்டது'ன்னு எழுதுங்க. மீதியை நான் எழுதறேன்." பிறகு தியாகேசனைப் பார்த்தார். குத்தாலத்துக்காரர் அப்போதுதான் வெளியே வந்தார். "தம்பி, நீங்க உக்காருங்க. உங்க ஃபைல்ல எங்க கையெழுத்து வேணும்னு பாப்போம்."

வெளியே வந்து டீக்கடையில் இரண்டு டீ சொன்னேன். அவன் டம்ளரை வாங்கவில்லை.

"தப்பு பண்ணிட்டேன் தியாகேசா. பணம் போன கோவத்துல புத்தி கெட்டுப் போச்சு. காபி குடுக்காததும் தப்பு, சாவியைப் புடுங்கினதும் தப்பு, அந்தப் பாதிப் பேரும் தப்பு. மன்னிச்சுக்க."

கண்ணில் நீர் வந்துவிட்டது. நடுத்தெருவில் நான் அழுவேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. பதறிப்போய் டம்ளரை வாங்கிக்கொண்டான். "அழுவாதீங்கக்கா, வரிசை பூரா பாக்குது" என்றான். அப்புறம், "பாதியில நிறுத்துனீங்களே, அது வரைக்கும் சரி" என்றான். ஆனால் மனத்தாங்கல் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. அடுத்த ஒரு வாரம் என்னிடம் எல்லாவற்றுக்கும் 'ம்' என்று மட்டும்தான் பதில்.

பத்து நாளில் செல்போன் கடை கேமராவை வைத்துத் திருடனைப் பிடித்துவிட்டார்கள். பெட்ரோல் பங்க்குக்கு வெளியே ரோட்டில் கிடந்த கார்டை எடுத்தவன். பின் நம்பர் எப்படித் தெரியும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, "என் கார்டுக்கு வச்சிருக்கற நம்பரைத்தான் சார் போட்டுப் பாத்தேன்" என்றானாம். அவனுக்கும் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், நிலம் இருக்கிறது, அதில் குறுவையும் போட்டிருக்கிறான். அதைக் கேட்டுத்தான் தியாகேசன் பேங்கில் நடந்ததற்கு அப்புறம் முதல் முறையாகச் சிரித்தான்.

பணம் திரும்ப வந்தது. மேலிடத்துக்குப் பரணிதரன் அனுப்பிய கடிதத்தில், அன்று ஒரே நாளில் இந்தக் கிளையில் முப்பத்தொரு பேர் பின் நம்பரை மாற்றினார்கள், எனவே எண் எளிதில் ஊகிக்கத் தக்கதே என்று எழுதியிருந்தார். ஏடிஎம் கணக்குப்படி முப்பத்திரண்டு என்று செவ்வந்தி என் காதில் சொன்னாள். விட்டுப்போன அந்த ஒருவர் யார் என்று நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

லோன் வந்து, சம்பா நடவுக்கு மிஷினும் வந்துவிட்டது. முதல் நடவு என் வயலில்தான் என்று அவனே வந்து சொன்னான். இந்தத் தடவை 'நல்லா வரணும்' என்று சொன்னபோது எரிச்சல் இல்லை. வாடகையில் ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன் என்றபோது மட்டும் லேசாக வந்தது.

முதல் நடவு அன்று காலையில் மிஷினுக்கு டீசல் வாங்க அதே பங்க்குக்குப் போனோம். கேனெல்லாம் நிரம்பி பில் ஆறாயிரத்தைத் தாண்டியது. தியாகேசன் சட்டைப் பையிலிருந்து புத்தம் புதுக் கார்டை எடுத்தான். அவன் பேர் முழுசாகப் பொறித்த கார்டு. பங்க்காரரிடமிருந்து கார்டு மிஷினைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அக்கா, கொஞ்சம் திரும்பிக்குங்க."

"நானா?"

"நீங்கதான்."

ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பாபநாசம் பஸ் ஒன்று போயிற்று, ஜன்னலோரமாக இருந்தவர்களெல்லாம் என்னைப் பார்த்தார்கள். பின்னால் நாலு தடவை 'டிக்' என்று கேட்டது.

"நான் பாத்தா என்னடா ஆகும்?" என்றேன், திரும்பாமலே.

"உங்களுக்குத்தான் ஆபத்து" என்றான் தியாகேசன். "நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஏழாவது கட்டத்துல நான் எழுதணும். நீங்க பாதியில நிறுத்தினீங்க. நான் விஜயலட்சுமின்னு முழுசா எழுதிடுவேன்."